ஆவியை ஆண்ட நார்பர்ட் ரில்லியூ

கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என ஔவையார் பாடியிருப்பதைப் புறநானூறு பயின்றோர் அறிவர். ஆலையிட்டுச் சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, பதம் பார்த்து வெல்லம் இறக்கும் காட்சி நம் சிற்றூர்களுக்குப் புதிதன்று. அதே கொப்பரை, கடல் கடந்த ஒரு நாட்டில், சாற்றோடு மனித உடலையும் சேர்த்துக் காய்ச்சிய வரலாறும் உண்டு. அக்கொப்பரையைக் கரும்பாலையிலிருந்து அகற்ற வழி கண்டவரின் வாழ்க்கையே ஈண்டுக் கூறப்படுகின்றது.

நார்பர்ட் ரில்லியூ 1806 மார்ச் 17ஆம் நாள் வட அமெரிக்காவின் லூசியானாப் பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்சு நகரில் பிறந்தார். தந்தை வின்சென்ட் ரில்லியூ வெள்ளையர், பொறியியல் அறிந்தவர். தாய் கான்ஸ்டன்ஸ் விவான் கறுப்பினக் கலப்புடையவர்; அடிமைத் தளையற்றவர். இவ்விருவரும் மணம் புரிவதை அந்நாட்டுச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே நார்பர்ட் பிறப்பால் அடிமையல்லர். ஆனால் வெள்ளையர்க்கு நிகரானவராகவும் கருதப்படவில்லை. இவ்விடைப்பட்ட நிலை அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

அவர் பிறந்த காலத்தில் லூசியானாவின் கரும்புப் பெருக்கம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கோவில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழ, உலகச் சர்க்கரை வணிகத்தின் பெருங்களம் ஒன்று சரிந்தது. 1795இல் எத்தியேன் தெ போரே என்னும் தோட்ட உரிமையாளர், நியூ ஆர்லியன்சை அடுத்த தம் தோட்டத்தில் சாற்றைச் சர்க்கரையாக மணி பிடிக்கச் செய்து பெரும்பொருள் ஈட்டினார். அதன்பின் மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும் கரும்புத் தோட்டங்கள் நெருங்கி எழுந்தன.

அத்தோட்டங்களின் இயக்கம் பனியோடு போட்டியிடும் இயக்கமாகும். ஆண்டின் தொடக்கத்தில் கரணைகளைச் சாலில் கிடத்தி மூடுவர். அறுத்த கட்டையிலிருந்து மறுதாம்பும் விடுவர். கோடையில் களையெடுப்பு முடிந்தபின் ஆலைக்கு வேண்டிய விறகு வெட்டுதல் தொடரும். உறைபனி விழுந்தால் நிற்கும் பயிர் கெடும். வெட்டிய கரும்பைக் காக்க வைத்தால் சாறு புளிக்கும். எனவே அக்டோபர் முதல் ஆண்டிறுதி வரை வெட்டும் அரவையும் இரவு பகலின்றி நடைபெற்றன. செய்தோர் பெரும்பாலோர் அடிமைகள்.

ஆலைக்குள் நடந்ததோ இதனினும் கொடிது. பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் பதிக்கப்பட்ட திறந்த கொப்பரைகளின் அடியில் நெருப்பு எரியும். சாற்றில் சுண்ணாம்பிட்டு, மேலே திரளும் அழுக்கு நுரையை வழித்து, நீண்ட அகப்பைகளால் கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு முகந்து ஊற்றுவர். தூக்கமிழந்த கைகள் தவறினால் தோல் வெந்துவிடும். இவ்வளவு துன்பத்திற்குப் பின்னும் கிடைத்தது கருகிய, பழுப்பான சர்க்கரையே. விறகோ மலைபோல் செலவாயிற்று. கொதியில் எழுந்த ஆவியின் வெப்பம் முழுவதும் கூரைவழி வீணே சென்றது.

அந்த ஆவியில்தான் ரில்லியூவின் கண் சென்றது. கலப்பினத்தார்க்கு அங்கு உயர்கல்வி எட்டாக்கனியாகவே, தந்தை அவரைப் பாரிசுக்கு அனுப்பினார். அங்கு எக்கோல் சென்ட்ரால் கல்லூரியில், 24ஆம் அகவையிலேயே பயன்முறை இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியரானார். நீராவியின் சிக்கனம் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளும் அக்காலத்தனவே. மதிப்புடன் வாழ்ந்த அந்நகரை விடுத்து அவர் தாயகம் திரும்பியது, தம் எண்ணத்தைக் கரும்பு விளையும் மண்ணிலேயே மெய்ப்பிக்க விரும்பியதால் எனக் கருத இடமுண்டு. முதல் முயற்சிகள் கைகூடவில்லை. 1843இல் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டே தியோடர் பேக்வுட் என்பார் தம் மிர்ட்டில் குரோவ் தோட்டத்து ஆலையைச் சீரமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். 1845இல் அங்கு அவருடைய கருவி செவ்வனே இயங்கியது. மேம்படுத்திய அமைப்பிற்கு 1846இல் மற்றொரு காப்புரிமை கிடைத்தது.

கருவியின் தத்துவம் எளிது. காற்றழுத்தம் குறைந்தால் நீர்மம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். இதனைச் சர்க்கரைத் தொழிலில் முன்னரே ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர் ஒற்றைக் கலத்தில் பயன்படுத்தியிருந்தார். ரில்லியூ மூடிய கலங்களை ஒன்றோடொன்று இணைத்தார். இயந்திரம் கழித்த நீராவி முதற்கலத்துச் சாற்றைக் கொதிக்கச் செய்யும். அச்சாற்றின் ஆவி, அழுத்தம் குறைந்த இரண்டாம் கலத்தைச் சூடாக்கும். அதன் ஆவி மூன்றாவதை. ஒருமுறை எரித்த விறகின் வெப்பம் பன்முறை பணிபுரிந்தது. சர்க்கரை கருகவில்லை, அகப்பைக்கும் வேலையில்லை.

பேக்வுட்டுடன் இணைந்து பெல் சாஸ் தோட்டத்தை நடத்திய ஜூடா பெஞ்சமின் இக்கருவியைப் பெரிதும் போற்றி எழுதினார். பின்னாளில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டரசில் அமைச்சரானவரும் இவரே. கருவி அமைக்கத் தோட்டங்களுக்குச் சென்ற ரில்லியூவை எங்குத் தங்கவைப்பது என்பதே சிக்கலாயிற்று என்பர். வெள்ளையர் மனையில் இடமில்லை, அடிமைக் குடிலில் வைக்கவும் இயலாது. ஆகவே தனிவீடு ஒதுக்கினராம். அவர் அறிவை விலைகொடுத்து வாங்கியோர் அவரோடு ஒரே மேசையில் உண்ண ஒப்பவில்லை.

அவரை அடிமைகளின் துயர் துடைத்தவராக மட்டும் எழுதும் நூல்கள் பல. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கொப்பரை நெருப்பிலிருந்து பல கைகள் தப்பின என்பது மெய். ஆனால் ஆலையின் ஆற்றல் பெருகினால் அதற்கு ஈடாக வயலில் வெட்ட வேண்டிய கரும்பும் பெருகும். இலாபம் முதலாளிக்கே சென்றது. அக்கருவியால் எவரும் விடுதலை பெறவில்லை. லூசியானாவில் 1857இல், அடிமையை விடுவிப்பதையே தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தளையற்ற கலப்பினத்தார் மீதும் அவ்வாண்டுகளில் கட்டுப்பாடுகள் இறுகின. ரில்லியூ மீண்டும் பிரான்சுக்கே சென்றார்.

அங்கு அவர் கருவியைப் பிறர் பிழைபடப் படியெடுத்திருந்ததால், அதன் பெயரும் கெட்டிருந்தது. மனம் வெறுத்தவர் எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் பயில்வதில் ஆழ்ந்தார். 1880இல் லூசியானாவிலிருந்து சென்ற டங்கன் கென்னர் என்னும் தோட்ட உரிமையாளர், பாரிசின் தேசிய நூலகத்தில் அவர் அவ்வெழுத்துகளோடு அமர்ந்திருக்கக் கண்டார். மொழி பயிற்றும் எனக்கு அவர் வாழ்வில் மிக நெருக்கமான காட்சி இதுவே. எனினும் அவர் ஆவியை மறக்கவில்லை. எழுபதைக் கடந்தபின் பீட்ரூட் சர்க்கரை ஆலைகளுக்கென ஒரு முறையை வகுத்து, 1881இல் காப்புரிமை பெற்றார்.

1894 அக்டோபர் 8ஆம் நாள் பாரிசில் மறைந்து, பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். 1934இல் லூசியானா அருங்காட்சியகத்தில் அவருக்கு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. இன்று நம் தமிழகத்துச் சர்க்கரை ஆலைகளிலும் சாறு கலம் கலமாக ஏறி வற்றுவது அவர் வகுத்த முறையில்தான்.