பைக்கைக் கழட்டிப் படித்த ஜி.டி.நாயுடு: வீட்டிலேயே பால் ஜாயிண்ட் மாற்ற நினைப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை சொல்வது என்ன?

ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் கார் ஓட்டுபவர்களுக்குப் பழக்கமான ஒரு சத்தம் உண்டு. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன் சக்கரத்துப் பக்கம் ‘டக் டக்’ என்று கேட்கும். மெக்கானிக்கிடம் போனால் ‘பால் ஜாயிண்ட் போச்சு’ என்பார். வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்தால் அரை மணி நேர வேலை மாதிரி தெரியும். டூல்ஸ் வாங்கி நாமே மாற்றிவிடலாமா என்று கை துறுதுறுக்கும்.

இந்தத் துறுதுறுப்பு நூறு வருஷத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் ஒருவரைப் பிடித்தது. அவர் கோவை ஜி.டி.நாயுடு. ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன? அதிலிருந்து இன்றைய கார் உரிமையாளர் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது? பார்த்துடலாம்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பப் பள்ளியைக்கூட முழுசாக முடிக்கவில்லை. கையால் தொட்டுப் பார்ப்பதில் இருந்த ஆர்வம் கரும்பலகையைப் பார்ப்பதில் இல்லை.

இளைஞராக இருந்தபோது பிரிட்டிஷ் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடோ குதிரையோ இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவது அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குக் கிளம்பிப் போய் ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதைவிட அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆர்வம் இருந்தது. பாகம் பாகமாகக் கழட்டிப் போட்டார். ஒவ்வொன்றும் எதற்கு என்று புரிந்துகொண்டு, திரும்ப மாட்டி ஓட வைத்தார். அவருக்குப் பொறியியல் கல்லூரி என்றால் அந்த பைக்தான். கொஞ்ச நாளில் மெக்கானிக்காகவே ஆகிவிட்டார்.

சர்வர் பஸ் முதலாளி ஆனது எப்படி?

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். ஊர் திரும்பியவருக்குக் கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். அவர் உதவியோடு 1920-ல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தானே ஓட்டினார்.

ஒற்றை வண்டியாகத் தொடங்கியது ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. வண்டி வழியில் நின்றால் என்ன ஆகும், எந்தப் பாகம் எப்போது தேயும் என்பதெல்லாம் பிரித்துப் பார்த்த மனிதருக்கு அத்துப்படி. பைக்கில் கற்றது பஸ்ஸில் கைகொடுத்தது.

மோட்டார் முதல் ரேஸர் வரை

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, கோவை பீளமேட்டில் உள்நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார். டிரை செல்லில் இயங்கும் சின்ன மோட்டார் பொருத்திய ‘ரசாந்த்’ ரேஸர், மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு எந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி என்று பட்டியல் நீளும். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றையும் வெளிக்கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நின்றுபோனது.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக நன்கொடை கொடுத்து, முதல்வராகவும் இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நான்கு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கருத்து. அரசு ஒத்துக்கொள்ளாததால் பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

சரி, இதற்கும் பால் ஜாயிண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நாயுடு பைக்கைப் பிரித்தபோது, தப்பு நடந்திருந்தால் நஷ்டம் அவருக்குத்தான். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் கிடந்திருக்கும், அவ்வளவுதான். பால் ஜாயிண்ட் அப்படி இல்லை.

சக்கரத்தைத் தாங்கும் ‘நக்கிள்’ என்ற பாகத்தையும் லோயர் ஆர்மையும் இணைப்பது இதுதான். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி ஒரு குழிக்குள் ஓர் உருண்டை. சக்கரம் மேலும் கீழும் ஆடவும், இடம் வலம் திரும்பவும் இதுவே வழிவிடுகிறது. மேலே ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், உருண்டை தேயும். தேய்ந்ததைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒருநாள் உருண்டை குழியைவிட்டுக் கழன்று, முன் சக்கரம் மடங்கிவிடும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் அருகே நெரிசலில் அது நடந்தால் பாதிப்பு உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் போகும் பைக்காரருக்கும்தான்.

முதலில் எதைச் சரிபார்க்கணும்?

‘டக் டக்’ சத்தம் வந்தாலே பால் ஜாயிண்ட்தான் என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்டெபிலைசர் லிங்க், ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் எல்லாமே சத்தம் போடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாயிண்ட் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கணும்.

அடுத்து, உங்கள் காரில் பால் ஜாயிண்ட் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எந்த டூல் வாங்குவது என்பதை இதுதான் முடிவு செய்யும்.

* போல்ட் போட்ட வகை: தனியாகக் கழட்டி மாற்றலாம். வீட்டில் செய்ய ஓரளவு எளிது.
* அழுத்திப் பொருத்திய வகை: பிரஸ் இல்லாமல் வெளியே வராது.
* ரிவெட் அடித்த வகை: டிரில் போட்டு எடுக்கணும். வொர்க்‌ஷாப் வேலை.
* ஆர்முடன் சேர்ந்தே வரும் வகை: பல சிறிய கார்களில் முழு லோயர் ஆர்மையே மாற்றிவிடுவார்கள்.

எந்த டூல் எதற்கு?

* ஜாக்கி ஸ்டாண்டு: முதல் செலவு இதுதான். சின்ன காரே ஒரு டன்னை நெருங்கும். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. சமதளமான சிமென்ட் தரை வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.
* பால் ஜாயிண்ட் புல்லர்: ஸ்க்ரூவைத் திருகத் திருக, கூம்பு வடிவ தண்டை மெதுவாக நெம்பி விடுவிக்கும். ரப்பர் உறைக்குச் சேதம் குறைவு. டை ராட் எண்டைக் கழட்டித் திரும்பப் போடுவதற்கும் இதுவே நல்லது.
* ஃபோர்க் வகை: இரண்டு பல் உள்ள ஆப்பு மாதிரி இருக்கும். இடையில் செருகிச் சுத்தியலால் அடிக்கணும். வேகமாக வேலை முடியும், ஆனால் உறை கிழியும். தூக்கிப் போடப்போகும் ஜாயிண்ட்டுக்கு மட்டும்தான் சரி.
* ‘சி’ வடிவ பிரஸ்: அழுத்திப் பொருத்திய வகைக்கு. ஒரே ஒரு தடவைக்கு விலை கொடுத்து வாங்குவதைவிட, கழட்டிய ஆர்மை ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போவது மிச்சம்.
* டார்க் ரெஞ்ச்: நட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்பது கார் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கைக்கணக்கு இங்கே செல்லாது.

சில கார்களில் தண்டை ஒரு குறுக்கு போல்ட் மட்டும் இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்குப் புல்லரே வேண்டாம். போல்ட்டை முழுசாக உருவி எடுத்துவிட்டு, கம்பியால் ஆர்மைக் கீழே அமுக்கினால் போதும்.

எங்கே தப்பு நடக்கும்?

* கூம்பு வகையில் நட்டை முழுசாகக் கழட்டிவிட்டுத் தண்டை விடுவித்தால், ஆர்ம் சட்டென்று துள்ளும். நட்டு சில மரைகளிலாவது பிடித்திருக்கட்டும்.
* ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தக் கூடாது. அடுத்த ஓட்டை வரும்வரை இறுக்கணும். பின்னும் புதிதாகத்தான் போடணும்.
* ஸ்ட்ரட்டில் இருக்கும் காயில் ஸ்பிரிங்கை வீட்டில் பிரிக்கவே கூடாது. அது தெறித்தால் உயிருக்கே ஆபத்து.
* வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால், புது டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

உதிரிபாகத்தில் விலை குறைந்ததைத் தேடுவதும் ஒரு தப்புதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பார்ட் நம்பரைச் சொல்லி, பில்லோடு புதுசு வாங்கலாம். புதுப்பேட்டையில் பழைய கதவோ கண்ணாடியோ வாங்கினால் பரவாயில்லை. பால் ஜாயிண்ட்டைப் பழசாக வாங்கக் கூடாது.

அப்போ, செய்யலாமா வேண்டாமா?

நாயுடு எடுத்த எடுப்பில் பயணிகள் பேருந்தில் கைவைக்கவில்லை. முதலில் தன் சொந்த பைக், பிறகு மெக்கானிக் வேலை, அதற்கும் பிறகுதான் ஊர் மக்களை ஏற்றிய பஸ். நீங்களும் அந்த வரிசையிலேயே போகலாம். ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி, ஸ்டெப்னி மாற்றுவதில் கை பழகட்டும். பால் ஜாயிண்ட் விஷயத்தில் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் மேனுவலும் கையில் இருந்து, போல்ட் போட்ட வகையாகவும் இருந்தால், வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முயற்சி செய்யலாம். இதில் ஒன்று குறைந்தாலும் வொர்க்‌ஷாப்பில் விடுவதே சரி.

அங்கேயும் சாவியைக் கொடுத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மெக்கானிக் கழட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தேய்ந்த பழைய ஜாயிண்ட்டைக் கேட்டு வாங்கி, உருண்டையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். எவ்வளவு ஆட்டத்தோடு இத்தனை நாள் ஓட்டினோம் என்பது அப்போது புரிந்துவிடும்.