வேலியும் பயிரும்: மெச்னிக்கோவின் வாழ்வு

பயிரைக் காக்க இட்ட வேலியே பயிரை மேயுமாயின் உழவன் எங்கே முறையிடுவான்? முன்னோர் பழமொழியாகச் சொன்ன இந்நிலை மனித உடலினுள்ளும் நேர்வதுண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய கலங்கள் சிலர் உடலில் நரம்புகளையே பகையெனக் கொண்டு தாக்கிவிடுகின்றன. அந்த வேலியின் இயல்பை உலகிற்கு விளக்கிக் காட்டிய பேரறிஞர் ஈலியா மெச்னிக்கோவ்.

அன்று உருசியப் பேரரசில் அடங்கியிருந்த உக்கிரேனில், கார்க்கோவ் நகருக்கு அணித்தான ஊரொன்றில், 1845 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை ஈராண்டில் முடித்து, இளமையிலேயே ஒடெசாவில் விலங்கியற் பேராசிரியரானார். ஆயினும் இல்வாழ்வு அவருக்குத் துயரையே தந்தது. முதல் மனைவி லுட்மிலா கசநோயால் நலிந்தவர்; மணநாளன்றே அவரை நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குச் சுமந்து செல்லவேண்டியிருந்தது. 1873 இல் மடெய்ராத் தீவில் லுட்மிலா மறைந்தபோது, மெச்னிக்கோவ் தம் உயிரையும் மாய்த்துக்கொள்ள முயன்று தப்பினார். ஈராண்டின் பின் ஒல்காவை மணந்தார். அரசியற் குழப்பம் பல்கலைக்கழகத்தையும் பற்றவே, 1882 இல் பதவி துறந்து சிசிலித் தீவின் மெசினா நகரிற் குடியேறினார்.

அங்கே ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கசு பார்க்கச் சென்றுவிட்டனர். மெச்னிக்கோவ் மட்டும் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குடம்பியினுள்ளே அலைந்து திரியும் கலங்களை நோக்கிக்கொண்டிருந்தார். இவை உடலின் காவலராய் இருக்குமோ என்ற எண்ணம் திடீரென எழுந்தது. தோட்டத்து ரோசா முட்களைக் கொணர்ந்து குடம்பிகளின் தோலின்கீழ்ச் செலுத்தினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பார்த்தார்; முட்களைச் சூழ்ந்து கலங்கள் மொய்த்திருந்தன! பகைப்பொருளை விழுங்கும் இக்கலங்களே தின்குழியங்கள் எனப் பெயர் பெற்றன.

1886 இல் ஒடெசாவில் விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி வழங்கும் நிலையமொன்றை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. முயலின் முண்ணாணை உலர்த்திப் பாஸ்ரர் ஆக்கிய மருந்து அது. மருத்துவப் பட்டம் பெறாதவரென்று உள்ளூர் மருத்துவர் எதிர்க்கவே, 1888 இல் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தை அடைந்து, இறுதிவரை அங்கேயே உழைத்தார். நிர்ப்பீடனம் குருதிநீரிலேயே உள்ளது, கலங்களில் அன்று என ஜேர்மானிய அறிஞர் வாதிட்டனர். பல்லாண்டு நீடித்த அப்போரின் முடிவில், 1908 இல், குருதிநீர்க் கட்சியைச் சேர்ந்த ஏர்லிக்குக்கும் இவருக்குமாக நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

தாம் கண்ட காவலரை அவர் கண்மூடிப் போற்றினாரல்லர். முதுமையில் இக்கலங்களே மூளையின் நரம்புக் கலங்களைத் தின்கின்றன என மனித இயல்பு பற்றிய 1903 ஆம் ஆண்டு நூலில் எழுதினார். அவர் சொன்ன வடிவில் அக்கருத்து நிலைபெறவில்லை; எனினும் வேலி பயிரை மேயக்கூடும் என்ற ஐயம் வீணானதன்று.

1916 இல் அவர் பாரிசில் மறைந்தார். அதே ஆண்டில் கியேன், பாரே, ஸ்ரோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் மூவர், கைகால் தளர்ந்த போர்வீரர் இருவரின் நோயை விவரித்தனர். நிர்ப்பீடனம் தன் உடலின் நரம்புகளையே தாக்குவதால் வரும் நோய் அதுவெனப் பிற்காலம் தெளிந்தது. விசர்நாய்க்கடி ஊசி பெற்றோருட் சிலருக்கு நேர்ந்த வாதமும் நெடுநாள் புதிராயிருந்தது. நியூயோர்க்கில் ரிவேர்ஸ் என்பார் 1933 இலும் 1935 இலும் முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குப் பன்முறை ஏற்றி, அவற்றின் நரம்புகளைப் போர்த்த மயலின் உறை அழிவதைக் காட்டினார். கிருமியன்று, மருந்திற் கலந்திருந்த நரம்பிழையமே அத்தாக்குதலைத் தூண்டியது. ஒடெசாவில் மெச்னிக்கோவின் நிலையம் வழங்கிய ஊசியும் அவ்வகையினதே.

இத்தகைய நோய்களில் மயலினை உரித்து விழுங்குவோருள் தின்குழியங்களும் உள. சிதைந்த உறையைத் துப்புரவாக்கிப் புதிய உறை தோன்ற இடமளிப்பவையும் அவையே. வேலியை அடியோடு பிடுங்கின் கிருமிகள் புகும். கட்டின்றி விடின் பயிர் அழியும். இவ்விரண்டினுக்கும் இடைப்பட்ட வழியையே மருத்துவர் இன்றும் தேடுகின்றனர். மெச்னிக்கோவின் சாம்பல் பாஸ்ரர் நிறுவன நூலகத்தில் ஒரு கலசத்துள் உளது. மெசினாவில் அவர் தொடங்கிய ஆராய்ச்சியோ இன்னும் முடியவில்லை.