அகார் தந்த ஃபனி ஹெஸ்ஸே அம்மையார்

உயிரியல் படித்த எம் பழைய மாணவிகள் அகார் ஊற்றிய பெத்திரிக்கிண்ணத்தை மறந்திருக்கமாட்டார்கள். அந்த அகாரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்த பெண்மணியை நுண்ணுயிரியலாளர் நன்கறிவர். ஏனையோரும் அறியவேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஃபனி அஞ்சலினா 1850 ஜூன் 22 அன்று நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை ஒல்லாந்து வணிகர். பெரிய குடும்பத்தின் மூத்த மகளான ஃபனி, சமையலைச் சிறுவயதிலேயே தாயாரிடமும் வீட்டுப் பணியாளரிடமும் கற்றுக்கொண்டார். பதினைந்து வயதில் பிரெஞ்சு மொழியும் மனையியலும் கற்கச் சுவிற்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். 1874 இல் ஜேர்மன் வைத்தியரான வால்தர் ஹெஸ்ஸேயை மணந்தார். மூன்று ஆண்மக்களை வளர்த்தபடியே கணவரின் ஆய்வுகளுக்கும் உதவினார். நுணுக்குக்காட்டியில் தெரிந்தவற்றை வர்ணச் சித்திரங்களாக வரைந்தவரும் அவரே.

1881 இல் வால்தர் பெர்லினில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். ஒரு நோய்க்கு எந்தக் கிருமி காரணம் என்று காட்டுவதற்கு, அக்கிருமியை ஏனையவற்றிலிருந்து பிரித்துத் தனியே வளர்க்கவேண்டும். இறைச்சிச் சாற்றில் வளர்த்தால் எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிடும். திண்மமான பரப்பில் தடவினால் ஒவ்வொரு கிருமியும் விழுந்த இடத்திலேயே பெருகிச் சிறு புள்ளியாகத் தெரியும். அதில் ஒன்றைத் தொட்டெடுத்தால் தூய வளர்ப்பு கிடைத்துவிடும். கொக் முதலில் அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளையும், பின்னர் ஜெலற்றினையும் பயன்படுத்தினார். ஆனால் மனித உடலின் 37 பாகை வெப்பத்தில் ஜெலற்றின் உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதைச் சமிக்கச் செய்து நீராக்கியும் விடும். காற்றிலுள்ள கிருமிகளை ஆராய்ந்த வால்தரின் உழைப்பு கோடை வெயிலில் வீணாகிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி செய்யும் ஜெலியும் புடிங்கும் கோடையிலும் கட்டியாகவே இருப்பது எப்படி என்று வால்தர் ஒருநாள் கேட்டார். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் அகார்தான் காரணம் என்றார் ஃபனி. யாவாவில் வாழ்ந்து பின்னர் நியூயோர்க்கில் குடியேறிய ஒல்லாந்து அயலவரிடம் இளமையில் அறிந்த பக்குவம் அது. எங்கள் நாட்டு முஸ்லிம் வீடுகளில் நோன்புகாலத்தில் கடற்பாசி காய்ச்சுவதைக் கண்டவர்களுக்கு இது புதினமல்ல.

அகார் உருகுவதற்கு ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். ஆறினால் 40 பாகைக்குக் கீழேதான் உறையும். பெரும்பாலான பற்றீரியாக்களால் அதைச் சமிக்கச் செய்யவும் முடியாது. வால்தர் இதைக் கொக்குக்கு அறிவித்தார். காசநோய்க் கிருமியைப் பற்றி 1882 இல் கொக் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அகார் சுருக்கமாகக் குறிப்பிடப்பட்டது. ஹெஸ்ஸே தம்பதியரின் பெயர் அதில் இல்லை. 1887 இல் வந்த கிண்ணம் மட்டும் பெத்திரியின் பெயரை இன்றுவரை தாங்கி நிற்கிறது.

பின்வந்தோர் அகாருடன் வேறு பொருள்களைச் சேர்த்து, வேண்டிய கிருமியை மட்டும் வளரவிடக் கற்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கொங்கி என்பவர் பித்த உப்பும் லக்ரோசும் சேர்த்தார். அந்த ஊடகத்தில் குடல்வாழ் பற்றீரியாக்கள் வளரும். வேறு பல தடைப்படும். லக்ரோசை நொதிக்கச் செய்பவை இளஞ்சிவப்பாகத் தெரியும். சிறுநீர்த் தொற்றோடு வரும் தாய்க்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லி பலிக்கும் என்று அறிய, என்போன்ற வைத்தியர்கள் இன்றும் அகார்க் கிண்ணத்தின் முடிவுக்கே காத்திருக்கிறோம்.

வால்தர் 1911 இல் காலமானார். ஃபனி அம்மையார் 1934 டிசெம்பர் 1 அன்று டிறெஸ்டன் நகரில் மறைந்தார். தமது பங்கைப்பற்றி அவர் பேசிக்கொண்டதே இல்லை என்று பேரர் பிற்காலத்தில் எழுதினார். 1939 இல் அமெரிக்க அறிஞர் இருவர், சாதாரண அகார் ஊடகத்துக்கு ஃபனி ஹெஸ்ஸேயின் பெயரைச் சூட்டலாம் என முன்மொழிந்தனர். அது வழக்கத்துக்கு வரவில்லை.

அவருக்காவது பிந்தியேனும் பெயர் கிடைத்தது. யாவாவின் அடுக்களைகளில் அந்தப் பக்குவத்தைக் காத்துவந்த பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. எமது பாடசாலையின் நூறாண்டு வரலாற்றை எழுதிவைக்கும் இவ்வேளையில், அதிபர்களின் பெயர்களோடு, விடுதியில் எமக்குச் சோறாக்கியவர்களின் பெயர்களையும், ஆய்வுகூடத்தில் கிண்ணம் கழுவியவர்களின் பெயர்களையும், அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.