பல் டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி, இந்த டாக்டரைத் தெரிஞ்சுக்கோங்க!

ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டில் மட்டும் சேர்த்துடாதீங்கன்னு கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார்கள். சிலர் அந்த வார்டுக்குப் பயந்து தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் நடந்த கதை இது. இத்தனைக்கும் அந்த முதல் வார்டில் பிரசவம் பார்த்தவர்கள் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகள்.

1846-ல் முதல் வார்டில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார் இக்னாஸ் செம்மல்வைஸ். ஹங்கேரியின் புடா நகரில் 1818-ல் பிறந்தவர், மளிகை வியாபாரியின் மகன். 2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கிய நேரத்தில் கூகுள் டூடுலில் கைகழுவச் சொல்லிக்கொடுத்தாரே, அவரேதான். ஆனா, அவர் முதலில் செய்த வேலை கைகழுவுறது இல்லை, கணக்கெடுக்கிறது!

1846-ல் முதல் வார்டில் 4,010 பிரசவங்கள். இறந்த தாய்மார்கள் 459 பேர். நூற்றுக்கு 11 பேருக்கும் மேல். மருத்துவச்சிகளின் வார்டில் 3,754 பிரசவங்களுக்கு 105 பேர், அதாவது நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. பெரும்பாலானவர்களைக் கொன்றது பிரசவ காய்ச்சல்.

ஏன் இந்த வித்தியாசம்? கெட்ட காற்று என்றார்கள். இரண்டு வார்டுக்கும் ஒரே காற்றுதானே! கூட்டம் என்றார்கள். பயந்துபோன பெண்கள் எல்லாம் இரண்டாவது வார்டைத் தேடி ஓடியதால், உண்மையில் அங்கேதான் கூட்டம் அதிகம். சாகக் கிடப்பவர்களுக்காக மணியடித்தபடி வரும் பாதிரியாரைப் பார்த்துப் பெண்கள் பயப்படுகிறார்களோ என்று அவரை வேறு வழியாக வரச்சொல்லியும் பார்த்தார் செம்மல்வைஸ். மரணங்கள் குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர், பேராசிரியர் கொலெட்ஷ்கா இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. உடலைப் பரிசோதித்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தாய்மார்களின் உடலில் இருந்த அதே மாற்றங்கள்! பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் நேராகப் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை.

மே மாதம் வார்டு வாசலில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலை வைத்தார். நம்ம ஊர் ப்ளீச்சிங் பவுடர் தண்ணி மாதிரிதான். அதில் கைகழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. ஏப்ரலில் 18%-க்கு மேல் இருந்த மரணம், ஜூனில் 2% அளவுக்கு இறங்கியது. 1848-ல் மார்ச், ஆகஸ்ட் என இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

நடுவில் ஒரு அடியும் விழுந்தது. 1847 அக்டோபரில் கர்ப்பப்பைப் புற்றுநோயோடு ஒரு பெண் முதல் படுக்கையில் சேர்க்கப்பட்டார். அவரைத் தொட்டுப் பரிசோதித்த டாக்டர்கள், வெறும் சோப்பால் கைகழுவிவிட்டு அடுத்தடுத்த படுக்கைகளுக்குப் போனார்கள். கூடவே பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிணத்திடமிருந்து மட்டுமல்ல, உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்தும் இன்னொருவருக்கு நோய் போகும் என்பது அன்றைக்குப் புரிந்தது. ஒவ்வொரு நோயாளிக்கு இடையிலும் குளோரினில் கைகழுவ வேண்டும் என்று விதியை மாற்றினார்.

இவ்வளவு செய்தவரைக் கொண்டாடியிருக்கணும் இல்லையா? நடந்தது வேறு. கொன்றது நம்ம கைதான் என்பதைப் பல டாக்டர்களால் ஏற்க முடியவில்லை. 1849-ல் அவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. சொந்த ஊர் திரும்பி, இன்றைய புடாபெஸ்ட்டில் உள்ள செயின்ட் ரோக்கஸ் மருத்துவமனையில் 933 பிரசவங்களுக்கு 8 மரணம் என்று மறுபடியும் நிரூபித்தார். 1861-ல் புத்தகமாகவே எழுதினார். பலன் இல்லை. கோபத்தில், எதிர்த்த டாக்டர்களைக் கொலைகாரர்கள் என்று சாடி பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865-ல் வியன்னாவில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, இரண்டே வாரங்களில் புண் சீழ்பிடித்து இறந்தார். வயது 47. தேதி ஆகஸ்ட் 13. அதற்கு முந்தைய நாள்தான் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், கால் உடைந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டினார்.

1879-ல் பிரான்ஸில் சார்ல்ஸ் சேம்பர்லாண்ட் ஆட்டோகிளேவ் உருவாக்கினார். பிரஷர் குக்கர் தத்துவம்தான். உங்க பல்லைக் குத்திப் பார்க்கும் கம்பியும் குட்டிக் கண்ணாடியும் அதில் வெந்துதான் வரணும். காரணம், ரத்தமும் எச்சிலும் பட்ட கருவி வழியாக ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் அடுத்தவருக்குப் போகலாம். கருவி இருந்த கவரில் நிறம் மாறியிருந்தால் அது சூடு பட்டதற்கு அடையாளம். கிருமி செத்ததா என்பதற்கு வேறு டெஸ்ட் இருக்கு. சூட்டுக்கு லேசில் சாகாத பாக்டீரியா வித்துகளை ஆட்டோகிளேவுக்குள் வைத்து எடுத்து, அவை பிழைத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

அரசு ஆஸ்பத்திரியோ, தனியார் கிளினிக்கோ, கவரை உங்க முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்கன்னு மரியாதையாவே கேளுங்க. கூட்டம் ஜாஸ்தி, இதுக்கெல்லாம் நேரமில்லைன்னு பதில் வந்தா, வியன்னாவின் இரண்டாவது வார்டை நினைச்சுக்கோங்க. அங்கேதான் கூட்டம் அதிகம். அங்கேதான் மரணம் குறைவு.