கணக்கெழுதிய குயவர் ஜோசையா வெட்ஜ்வுட்



இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் பர்ஸ்லம் என்னும் ஊர் உள்ளது. அங்கே, தலைமுறை தலைமுறையாக மட்பாண்டம் வனைந்த குடும்பமொன்றில் 1730ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பெரியம்மை கண்டதால் அவரது வலக்கால் வலுவிழந்தது. காலால் உந்திச் சுழற்றும் சக்கரத்தில் நெடுநேரம் அமர்ந்து வனைய அவரால் இயலவில்லை. மயக்கமருந்து அறியப்படாத அக்காலத்தில், 1768இல், அக்கால் வெட்டி அகற்றப்பட்டது.

சக்கரத்தை விட்ட கைகள் சோதனையில் இறங்கின. களிமண், மெருகு, சூளையின் வெப்பம் ஆகியவற்றை மாற்றி மாற்றித் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 5,000 சோதனைகள் செய்தார். பிறர் அறியாவண்ணம் முடிவுகளைக் குறியீடுகளால் எழுதி வைத்தார். அவர் செய்த பாலேட்டு நிறக் கலங்களை 1765இல் அரசி சார்லட் விரும்பி வாங்கினார். 1769இல் எட்ரூரியா என்னும் பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். அங்கே வனைபவர், கடைபவர், தீட்டுபவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையே பிரித்தளிக்கப்பட்டது.

இத்தனை திருத்தங்கள் செய்தும் 1772இல் தொழில் ஆட்டங்கண்டது. இலண்டனில் வங்கிகள் முறிந்தன. கடன் கிடைப்பது அரிதாயிற்று. பண்டகசாலையில் விற்காத சரக்கு குவிந்திருந்தது. புகழ் இருந்தது, கையிற் பணமில்லை. வேறொருவராயின் ஊழியரைக் கடிந்து கூலியைக் குறைத்திருப்பார். வெட்ஜ்வுட்டோ கணக்கேடுகளுடன் அமர்ந்தார்.

ஒரு பூச்சாடிக்கு மண் எவ்வளவு, வனையும் கூலி எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு, உடைந்து வீணாவது எவ்வளவு, வாடகையிலும் எழுத்தர் சம்பளத்திலும் அதன் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. சில செலவுகள் பண்டத்தின் தொகைக்கேற்பக் கூடிக் குறைகின்றன. வேறு சில, பத்துச் செய்தாலும் நூறு செய்தாலும் மாறாமல் நிற்கின்றன. அச்சு ஒன்று செய்ய 100 காசு ஆவதாகக் கொள்வோம். அதில் 10 சாடிகள் வார்த்தால் சாடிக்கு 10 காசு. 100 வார்த்தால் ஒரு காசே! வாடிக்கையாளரை மகிழ்விக்கப் புதுப்புது வடிவங்களில் சிறிது சிறிதாகச் செய்ததே பணத்தை விழுங்கியது என்பது விளங்கிற்று. இன்று கணக்கியல் மாணவர் நிலையான செலவு, மாறும் செலவு என்று கற்பது இதனையே. எந்தப் பாடநூலும் துணைக்கில்லாத காலத்தில் ஒரு குயவர் இதனைக் கண்டறிந்தார் என்பதே நம்மை வியக்க வைக்கிறது.

அதன்பின் ஒரே வடிவத்தை அதிகமாகச் செய்யவும், விலையைக் குறைத்து நடுத்தர மக்களுக்கும் விற்கவும் முனைந்தார். கணக்குகளை ஒப்பிட்டபோது இலண்டன் தலைமை எழுத்தரின் முறைகேடும் வெளிப்பட்டது. அவருக்குப் பதிலாக வேறொருவர் அமர்த்தப்பட்டார். தொழில் பிழைத்தது.

செலவைக் குறைக்கும் எண்ணம் தொழிற்சாலைச் சுவருக்குள் நின்றுவிடவில்லை. கரடுமுரடான சாலைகளில் பொதிக்குதிரைகள் சுமந்த பாண்டங்கள் வழியிலேயே உடைந்தன. எனவே டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்காக அவர் பெரிதும் பாடுபட்டார். 1766இல் தொடங்கிய அப்பணி 1777இல் நிறைவெய்தியது. எட்ரூரியாவின் வாயிலிலேயே படகுகள் வந்து நின்றன.

சூளையின் வெப்பத்தை ஊழியர் கண்ணால் மட்டுமே மதிப்பிட்டு வந்தனர். தவறினால் சூளை முழுவதும் பாழ். சிறு களிமண் துண்டுகள் வெப்பத்தில் எவ்வளவு சுருங்குகின்றன என்பதைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் கருவியொன்றை 1782இல் வெட்ஜ்வுட் அறிவித்தார். மறு ஆண்டே இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. மிக உயர்ந்த வெப்பநிலைகளில் அதன் அளவுகள் பிழையானவை எனப் பிற்காலத்தார் கண்டனர். எனினும் சூளைக்குச் சூளை ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைத்தது.

1795ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் அவர் காலமானார். உயிரியல் அறிஞர் சார்லஸ் டார்வின் அவருடைய மகள்வழிப் பேரர். எண்ணிட்ட அவரது சோதனைத் துண்டுகளை ஸ்டாஃபோர்ட்ஷயரின் பார்லஸ்டன் அருங்காட்சியகத்திற் காணலாம்.