வான்வழி கண்ட டாட்டா

இராயபுரம் கல்மண்டபத்தை அடுத்த கடற்கரையில் வாழ்ந்த பழம்பரதவர், கரை மறைந்த கடலிலும் விண்மீனையும் காற்றையும் கொண்டு திசை தெளிந்தனர். அவ்வறிவு ஏட்டில் எழுதியதன்று; நெஞ்சில் எழுதியது. வானில் செல்வோனுக்குக் கருவிகளே விண்மீன்கள். அவற்றை அவனும் நெஞ்சில் எழுதிக்கொள்ளல் வேண்டும். அத்துறையில் இந்தியருக்கு முன்னோடியாய் விளங்கியவர் ஜே. ஆர். டி. டாட்டா ஆவார்.

அவர் 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் பார்சி வணிகர். அன்னையார் பிரெஞ்சு நாட்டினர். 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த பிளேரியோவின் கோடை இல்லம், இவர்தம் கோடை இல்லத்திற்கு அண்மையில் இருந்தது. அங்கு விமானங்களைக் கண்ட சிறுவரின் உள்ளத்தில் பறக்கும் வேட்கை வேரூன்றியது. பின்னர்ப் பம்பாயில் பயிற்சி பெற்று, 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமத்தை அவர் பெற்றார்.

விமானியாக விரும்புவோன் கருவிகளின் பெயர்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவித்தால் போதாது. வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி ஆகிய மூன்றும் விமானத்தின் போக்கை உணர்த்துவன. எஞ்சின் சுழற்சிமானி, எண்ணெய் அழுத்தமானி, எண்ணெய் வெப்பமானி, எரிபொருள் அளவுகாட்டி ஆகியவை எஞ்சினின் நலத்தை உணர்த்துவன. வேகம் மிகக் குறைந்தால் இறக்கைகள் விமானத்தைத் தாங்கா. எண்ணெய் அழுத்தம் வீழ்ந்தால் எஞ்சின் பழுதுறும். ஒவ்வொரு கருவியும் இல்லையேல் விளையும் கேடு யாது என எண்ணிக் கற்பவனுக்கு அப்பட்டியல் மறவாது.

1930இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனித்துப் பறக்கும் இந்தியர்க்கெனப் பரிசொன்று அறிவிக்கப்பெற்றது. டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். எகிப்து நாட்டில் இருவரும் சந்தித்தபொழுது, எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக்கு மாற்றுக்கு இன்றி அவ்விளைஞர் தவித்து நின்றார். டாட்டா தம்மிடமிருந்து கொடுத்து உதவினார். சில மணி நேர வேறுபாட்டில் அவ்விளைஞரே பரிசையும் வென்றார். வானத்தில் ஒரு சிறு பொருளின் அருமை யாதென அறிந்தவராதலின், போட்டியாளர்க்கும் அதனை மறுத்திலர்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சற் பைகளுடன் ஒற்றை எஞ்சின் விமானத்தில் அவர் தனியே பறந்தார். வழிகாட்ட வானொலி இல்லை. கருவிகளும் கற்ற கல்வியுமே துணை. பம்பாயிலிருந்து அவ்வஞ்சலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். அன்று தொடங்கிய பணியே 1946இல் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது.

அப்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டாகிய 1982இல், எழுபத்தெட்டு வயதில், அதே வழியில் மீண்டும் அவர் பறந்தார். 1992இல் பாரத ரத்னா விருது அவரை அடைந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் அவர் மறைந்தார்.

தேர்வுக்காக மட்டும் கற்றது தேர்வோடு நீங்கும்; பயன் உணர்ந்து கற்றது உயிர்க்குத் துணையாய் நிற்கும். இதனை மாணவர் உளங்கொள்வாராக.