சிரிக்கவைத்தவரின் கடைசிப் படம்

1928 ஓகஸ்ட் 31ஆம் திகதி ஜேர்மனியின் பேர்லின் நகரில் புதிய இசை நாடகம் ஒன்று மேடையேறியது. பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி, குர்ட் வைல் இசையமைத்த 'மூன்று பென்னி ஒபேரா' அது. தொடக்கத்தில் தெருப்பாடகன் வேடத்தில் பருத்த உடம்புக்காரர் ஒருவர் வந்து, ஒரு கொலைகாரனின் கதையை இனிய மெட்டில் பாடினார். அந்தப் பாட்டைப் பின்னாளில் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கும் பொபி டாரினும் ஆங்கிலத்தில் பாடி உலகம் முழுக்கக் கொண்டுசென்றார்கள். அதை முதன்முதலில் மேடையில் பாடியவர் குர்ட் கெரோன். 16 வருடங்களின் பின்னர் அவர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

கெரோன் 1897 மே 11ஆம் திகதி பேர்லினில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவரை முதலாம் உலகப் போர் களமுனைக்கு இழுத்துச் சென்றது. ஜேர்மனிக்காகப் போராடிப் படுகாயமடைந்தார். பின்னாளில் அவரது உடல் அளவுக்கு மீறிப் பருத்ததற்கு அந்தக் காயமே காரணம் என அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். போர் முடிந்ததும் மருத்துவத்தைக் கைவிட்டு மேடைக்கு வந்தார். அந்தப் பருத்த உடம்பையே சிரிப்பு மூட்டும் கருவியாக்கிக்கொண்டார்.

1920களின் பேர்லினில் பாட்டும் பகிடியும் அரசியல் நையாண்டியும் கலந்த கபரே அரங்குகள் நிறைந்திருந்தன. கெரோன் அங்கு பெயர் பெற்றார். பேசும்படம் வந்தபோது, 1930இல் மார்லீன் டீட்ரிஷ் நடித்த 'நீல தேவதை'யில் மந்திரவித்தைக்காரராக வந்தார். அதே வருடம் 'எண்ணெய் நிரப்பு நிலையத்து மூவர்' என்ற பாட்டுப் படத்திலும் நடித்தார். வேலையில்லாத் திண்டாட்டத்தில் வாடிய சனங்கள் அந்த நகைச்சுவைப் படத்தைக் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அடுத்து அவரே படங்களை இயக்கத் தொடங்கினார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 1ஆம் திகதி யூதர்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியபோது, படப்பிடிப்பில் இருந்த கெரோன் ஸ்டூடியோவை விட்டு வெளியேற்றப்பட்டார். குடும்பத்துடன் பரிஸ், வியன்னா என்று அலைந்து, கடைசியில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் தங்கினார். அங்கேயும் படம் இயக்கினார். நண்பர்கள் பலர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. 1940 மேயில் ஜேர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது.

அதே வருடம் நாஜிகள் 'நித்திய யூதன்' என்ற வெறுப்புப் படத்தை வெளியிட்டார்கள். கெரோனின் பழைய நகைச்சுவைக் காட்சிகளை அதில் வெட்டி ஒட்டினார்கள். சனங்களைச் சிரிக்கவைத்த அதே முகத்தைக் காட்டி, ஓர் இனம் முழுவதையும் அருவருக்கச் சொன்னார்கள்.

1943இல் கெரோனின் தாயும் தகப்பனும் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டார்கள். கெரோனும் மனைவி ஒல்காவும் வெஸ்டர்போர்க் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, 1944 பெப்ரவரியில் இன்றைய செக் குடியரசில் உள்ள தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பசியும் நோயும் மலிந்த அந்த முகாமில், 'கறௌசெல்' அதாவது 'ராட்டினம்' என்ற கபரே நிகழ்ச்சியை அவர் நடத்தினார். நாளை எந்த வண்டியில் யாருடைய பெயர் வரும் என்று தெரியாதவர்கள் அங்கு வந்து பாட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

அந்த ஜூன் 23ஆம் திகதி செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் முகாமைப் பார்வையிட வருவதாக இருந்தது. முன்கூட்டியே சுவர்களுக்கு வெள்ளையடித்து, பூங்கன்றுகள் நட்டார்கள். நெரிசல் தெரியாமலிருக்க, மே மாதத்தில் 7,503 பேரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முள்வேலிக்குள் இருந்த எவருக்கும் இந்தக் காட்சி விளங்கும்.

ஏமாற்று வேலை பலித்ததால் அதைப் படமாகவும் எடுக்க நாஜிகள் முடிவுசெய்து, இயக்கும் பொறுப்பைக் கெரோனிடம் கொடுத்தார்கள். மறுத்தால் சாவு. ஓகஸ்ட் 16 முதல் செப்டெம்பர் 11 வரை படப்பிடிப்பு நடந்தது. உதைபந்தாட்டம், இசைக்கச்சேரி, காய்கறித் தோட்டம், ஹான்ஸ் கிராசா இசையமைத்த 'புருண்டிபார்' என்ற சிறுவர் இசைநாடகம் எல்லாம் கமராவுக்குள் வந்தன. கைதிகளைச் சிரிக்கச் சொன்னவர், அவர்களைப் போலவே கைதியாக இருந்த கெரோன்தான்.

இதனால் அவர் மீது சக கைதிகள் சிலருக்கு ஆத்திரம் இருந்தது. மறுபடி இயக்குநரான மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று அவர்கள் நினைத்தார்கள். மனைவியையும் தன்னையும் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். உயிர் தப்பியவர்களிடையே இந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. துவக்கு முனையில் எடுத்த முடிவுக்கு அவரிடம் மட்டும் கணக்குக் கேட்டால், துவக்கைப் பிடித்திருந்தவன் தப்பிவிடுவான்.

படப்பிடிப்பு முடிந்து மூன்று கிழமைகள் ஆவதற்குள் வண்டிகள் ஓடத் தொடங்கின. செப்டெம்பர் 28 முதல் ஒரு மாதத்தில் 18,000க்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். கிராசாவும் 'புருண்டிபார்' சிறுவர்களில் பெரும்பாலானவர்களும் கொல்லப்பட்டார்கள். கெரோனும் ஒல்காவும் ஒக்டோபர் 28ஆம் திகதி புறப்பட்ட கடைசி வண்டியில் ஏற்றப்பட்டார்கள். அப்போது அவருக்கு வயது 47. நவம்பர் தொடக்கத்தில் அவுஷ்விட்ஸின் நச்சுவாயு அறைகள் நிறுத்தப்பட்டன. சில நாட்கள் பிந்தியிருந்தால் அவர் உயிர் தப்பியிருக்கக்கூடும்.

தான் எடுத்த படத்தைத் தொகுக்கக்கூட அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. 1945 மார்ச்சில் வேறு ஆட்கள் அதை முடித்தபோது ஜேர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. ஒருசிலருக்குப் போட்டுக் காட்டியதோடு சரி. அது பொதுத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை.

இன்று அந்தப் படத்தில் சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. பொய்யை நிலைநாட்ட எடுத்த அந்தக் காட்சிகளில் முகங்கள் மட்டும் மெய்யானவை. உயிர் தப்பியவர்கள் அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தெரிந்த முகங்களுக்குப் பெயர் சொன்னார்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கோடைகாலமே கடைசி. வேறு படம் எதுவும் மிஞ்சாதவர்களின் முகங்களும் அந்தச் சுருளில் இருக்கின்றன.